பகலிலேயே திறந்துவிடுங்கள்

போன ஐப்பசியில் ஒரு மாலை, எங்கள் ஏரிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி எனக்குத் தொலைபேசியில் பேசினார். “ஐயா, ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஷட்டரை எவ்வளவு தூக்கினால் சரியாக இருக்கும்?” நான் அதற்குப் பதில் சொல்லாமல், “ஹேண்டில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “பார்த்துச் சொல்கிறேன் ஐயா” என்றார்.

பாலாற்றுக்கு வடக்கே ஓர் ஏரியில் லஸ்கராக, அதாவது ஷட்டரையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஆளாகச் சேர்ந்து, அதே ஏரியில் பணி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். ஏரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். அன்று தம்பியிடம் அரை மணி நேரம் பேசியதையும், பேச மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஷட்டர் வைத்த ஏரியிலோ சிறிய அணையிலோ வேலை பார்க்கும் எவருக்கும் இது உதவும். ஷட்டர் இல்லாமல், உபரி நீர் தானாக வழிந்தோடும் கலங்கல் மட்டும் உள்ள ஏரிக்காரர்களுக்குக் கவலை பாதிதான். நிறைந்தால் அதுவாக வழிந்துவிடும். தூக்குவதா, இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்பதா என்று கரைமேல் நின்று தவிக்கிற பாவம் நமக்குத்தான்.

ஆவணியில் முடிக்க வேண்டியது

எங்கள் ஏரியில் ஐந்து ஷட்டர்கள். ஒவ்வொன்றும் 10 அடி அகலம். மேலே மேடையில் பல்சக்கரப் பெட்டி, அதிலிருந்து கீழே ஷட்டரைப் பிடித்திருக்கும் திருகுத் தண்டு. ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால் தண்டு மேலே ஏறும், கூடவே ஷட்டரும் ஏறும். ஓர் அடி தூக்க ஏறக்குறைய நூறு சுற்று. ஐம்பது சுற்றுக்கு ஓர் ஆள் மாறுவோம். காய்ந்த நாளில், கிரீஸ் போட்ட தண்டில் கணக்கு அப்படி. மழையில், துருவேறிய தண்டில் பத்துச் சுற்றுக்கே தோள்பட்டை கழன்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு ஷட்டரையும் அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை தூக்கி, திரும்ப இறக்கிப் பார்ப்பது. “அரை அடி தூக்கிப் பார்த்தோம், நன்றாக வேலை செய்கிறது” என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்டின் எந்த இடத்தில் துரு இருக்கிறது என்று அந்த அரை அடி சொல்லாது. இரண்டடி மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும் ஷட்டர் எங்களிடம் ஒன்று இருந்தது. அது முழுக்க ஏறவும் ஏறாது, முழுக்க இறங்கவும் இறங்காது.

போன ஆண்டு தடவிய கிரீஸின்மேல் புதிய கிரீஸைப் பூசாதீர்கள். ஓராண்டுப் புழுதியும் பூச்சியும் ஒட்டி அது தார்போல் இறுகியிருக்கும். தேங்காய்ச் சிரட்டையை உடைத்து அந்த முனையால் திருகின் ஒவ்வொரு பள்ளத்தையும் சுரண்டுங்கள். கம்பியால் சுரண்டினால் திருகு கீறிவிடும். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு புது கிரீஸ். ஒரு தண்டுக்கு அரைநாள் ஆகும். அடுத்து, ஷட்டர் ஏறி இறங்கும் காடி. அதற்குள் என்னவெல்லாம் கிடக்கும் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். பையன்கள் போட்ட கல், மதுப் புட்டி, நத்தை ஓடு, ஒருமுறை ஒரு சைக்கிள் டயர். சின்ன ஜல்லிக்கல் ஒன்று காடியில் மாட்டினால் போதும், ஷட்டர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நின்று கோணலாகிவிடும். அந்த நிலையில் பலம் கொடுத்துச் சுற்றினால் தண்டு வளையும். வளைந்த தண்டை மழை நாளில் நிமிர்த்த முடியாது.

தண்டு இல்லாமல் சங்கிலியில் தொங்கும் ஷட்டர்கள் பெரிய அணைகளில் உண்டு. அங்கே வேலை பார்க்கிறவர்கள் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் ஒரு மதகின் எடைக்கல்லும் சங்கிலியும் அறுந்து, ஷட்டர் பெயர்ந்து, விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி வீதம் தண்ணீர் போனது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரை அணையின் 33 மதகுகளில் 19-ஆவது மதகின் சங்கிலி அறுந்தது. ஓடுகிற வெள்ளத்துக்குள்ளேயே தடுப்புப் பலகைகளை இறக்கித்தான் அதை அடைத்தார்கள். அதற்கு முன் 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்கத்தில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. இதைப் படிக்கும்போது நமக்கென்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், என் ஏரியில் நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

ஆகாயத் தாமரையை மறந்துவிடாதீர்கள். தென்மேற்குக் காற்றடிக்கும்போது எங்கோ கிழக்குக் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். புயல் வந்து காற்று திசை மாறியதும் பாய் விரித்தாற்போல் அப்படியே நகர்ந்து வந்து ஷட்டர் வாயில் உட்கார்ந்துகொள்ளும். புரட்டாசிக்குள் வாரிக் கரையேற்றிவிடுங்கள். வாரியதைக் கரையோரம் குவித்துவைத்தால் முதல் மழையில் திரும்ப ஏரிக்குள்தான் போகும்.

நீர்மட்டம் பார்க்கும் அளவுப் பலகையைத் தேய்த்துக் கழுவி, எண்களுக்குப் புதிதாகச் சாயம் பூசிவிட்டு, இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் படிக்க முடிகிற பலகை மழையிரவில் படிக்க முடியாமல் போகும்.

ஒரு பக்கக் கணக்கு

நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். எங்களுக்கு வாய்த்த உதவிப் பொறியாளர் ஒருவர் இந்தக் கணக்கை எனக்கு ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். பிறகு அதை மேடைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, கரியால் பெரிதாக எழுதிவைத்தேன். உங்கள் ஏரிக்கு உங்கள் எண்களைப் போட்டு நீங்களும் எழுதிவையுங்கள்.

எங்கள் ஏரியின் முழுக் கொள்ளளவு 350 மில்லியன் கன அடி. நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு 1,100 ஏக்கர். ஒரு ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆக, மேல்மட்டத்தில் ஓர் அடி தண்ணீர் என்பது ஏறத்தாழ 48 மில்லியன் கன அடி. மேல் இரண்டடி என்றால் 95 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, வருவது எவ்வளவு? ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 3.5 லட்சம் கன அடி தண்ணீர். எங்கள் நீர்ப்பிடிப்பு 60 சதுர கிலோமீட்டர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 210 மில்லியன் கன அடி விழுகிறது. அத்தனையும் ஏரிக்கு வராது. புரட்டாசியில் பெய்யும் முதல் மழையில் காய்ந்த மண் பெரும்பங்கைக் குடித்துவிடும். ஆனால் கார்த்திகையில், ஏற்கெனவே இரண்டு மூன்று மழை பார்த்த மண் எதையும் குடிக்காது. பாதி வந்தாலே 105. மேல் இரண்டடிக்குக் கணக்குப் போட்டோமே, 95. அதாவது, இரண்டடி இடம் காலியாக வைத்திருந்தாலும் கார்த்திகையின் ஒரு நல்ல மழை அதை ஒரே நாளில் நிரப்பி மேலேயும் போகும்.

வெளியேறுவது எவ்வளவு? ஷட்டரின் அகலத்தை அடியில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடி தூக்கியிருக்கிறீர்களோ அதால் பெருக்குங்கள். நீர்மட்டத்திலிருந்து ஷட்டரின் அடிவரை உள்ள ஆழத்துக்கு வர்க்கமூலம் கண்டு அதாலும் பெருக்குங்கள். வருவதை 5-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன அடி என்று தோராயமாகக் கிடைக்கும். எங்கள் ஷட்டருக்கு 9 அடி ஆழம் நிற்கும்போது ஓர் அடி தூக்கினால் 10 × 1 × 3 × 5, அதாவது 150. ஐந்தையும் ஓர் அடி தூக்கினால் 750 கன அடி. பொறியாளர் இதைவிட நுணுக்கமாகப் போடுவார், எண் சற்றுக் குறையும். கரைமேல் நிற்பவனுக்கு இது போதும். நாள் முழுக்க விநாடிக்கு 1,000 கன அடி போனால் 86.4 மில்லியன் கன அடி வெளியேறும் என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கில் 750 என்பது ஒரு நாளைக்கு 65.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல் இரண்டடியை 750 கன அடி வீதம் இறக்க ஒன்றரை நாள் வேண்டும். அதே இரண்டடியை ஒரே இரவில், 12 மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்றால் 2,200 கன அடி திறக்க வேண்டும். எங்கள் உபரி நீர் வாய்க்கால் 1,000 வரைக்கும் கரைக்குள் போகும். 1,500-இல் தரைப்பாலம் முழுகும். 2,200 போனால் பள்ளத்தெருவில் முழங்கால் தண்ணீர்.

தம்பி கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. எவ்வளவு தூக்குவது என்பது எப்போது தூக்க ஆரம்பித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு நாள் முன்னால் என்றால் ஓர் அடி. இரண்டு மணி நேரம் முன்னால் என்றால், தெய்வம்தான் துணை.

செம்பரம்பாக்கத்தில் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து அடையாற்றில் 29,000 கன அடி போனது. அதைப் பற்றி எவ்வளவோ வாதங்கள் நடந்தன, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் 2020-இல் நிவர் புயலின்போது நவம்பர் 25 அன்று நண்பகலில், மட்டம் 22 அடியை எட்டும் நேரத்தில் 1,000 கன அடியோடு தொடங்கி, பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். நண்பகல், 1,000, படிப்படியாக. இந்த மூன்றையும் சுவரில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே ஓர் ஏரி இருந்தால்

நம் பக்கத்து ஏரிகள் தனித்தனியாக இருப்பதில்லை. மேல் ஏரி கழியும் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும், அது கழிந்தால் அதற்குக் கீழ் ஏரிக்கு. உங்கள் நீர்ப்பிடிப்பில் மழை நின்றிருக்கலாம். மேல் ஏரி அப்போதுதான் கலங்கல் ஏறியிருக்கும். மழை விட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து உங்கள் ஏரியில் மட்டம் ஏறுவதற்கு இதுதான் காரணம். மேல் ஏரியின் லஸ்கர் யார், அவர் வீட்டில் யாரிடம் சொன்னால் அவரைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மேல் ஏரிக்காரருடன் எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். பெண் கொடுத்துப் பெண் எடுக்காத குறை. அவர் ஒரு தகவல் சொன்னால் எனக்கு மூன்று மணி நேரம் மிச்சம். நானும் எனக்குக் கீழே இருந்தவருக்கு அப்படியே சொல்வேன். மேலதிகாரி வழியாகச் செய்தி போய்த் திரும்பிவருவதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும்.

நடந்தது

2005 வடகிழக்குப் பருவமழை. ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு முழு மட்டத்துக்கு ஓர் அடி குறைவு. வானம் வெளுத்திருந்தது. கரைமேல் ஏழெட்டு விவசாயிகள் வந்து நின்றுகொண்டார்கள். “ஏரி நிறைந்து நாலு வருஷமாகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்கினாலும் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம்” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். மேலதிகாரிகளிடம் கேட்டோம், நிலைமையைக் கவனித்துச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. கவனித்துச் செய்யுங்கள் என்றால் திறக்காதே என்று பொருள் செய்துகொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போனேன்.

இரவு பதினொன்றரைக்குப் பிடித்தது மழை. ஒன்றரை மணிக்கு நான் கரைக்கு ஓடியபோது தண்ணீர் முழு மட்டத்தைத் தாண்டி அரை அடி ஏறியிருந்தது. மின்சாரம் இல்லை. ஹேண்டில் கொட்டகைக்குள், கொட்டகைக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி என்னுடன் வேலை பார்த்தவர் வீட்டில், அவர் வீடு ஆறு கிலோமீட்டர். பூட்டை உடைக்கக் கல்லைத் தேடினேன். கல் குவிந்து கிடக்கும் கரையில் அன்றைக்குக் கைக்கு ஒரு கல் அகப்படவில்லை. கடைசியில் மண்வெட்டிப் பிடியால் நெம்பிக் கதவையே பெயர்த்தோம். மூன்றாவது ஷட்டரும் நான்காவது ஷட்டரும் அசையவில்லை. ஒன்றில் ஆகாயத் தாமரை, ஒன்றில் துரு. மற்ற மூன்றையும் முழுக்கத் தூக்கினோம். முழுக்க. கீழே யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை, நேரமும் இல்லை.

மனித உயிர் போகவில்லை. பள்ளத்தெருவில் ஒரு வீட்டில் மூன்று மாடுகள் கட்டுத்தறியிலேயே போயின. விடிந்து போய்ப் பார்த்தபோது கயிறுகள் முளையில் முறுக்கேறிக் கிடந்தன. சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஒரு குரல் கொடுத்திருந்தால் அவிழ்த்தாவது விட்டிருப்பேனே அண்ணா” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஹேண்டில் எங்கே இருக்கிறது என்பதை மறந்ததே இல்லை. கார்த்திகை முடியும்வரை அது என் கட்டிலுக்கடியில்தான். உதிரி ஹேண்டில் ஒன்று பட்டறையில் அடித்து மேடையிலேயே சங்கிலி போட்டுக் கட்டிவைத்தேன். சாவியில் மூன்று பிரதி. விவசாயிகள் வந்து நின்றால் சுவரிலிருக்கும் கணக்கைக் காட்டுவேன். ஓர் அடியை இன்றைக்கு விட்டால் நாளை மறுநாள் மழை அதை நிரப்பித் தந்துவிடும், கரை போனால் அடுத்த மூன்று போகத்துக்கு ஏரியே இருக்காது என்று சொல்வேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் திட்டுவார்கள். திட்டு வாங்குவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

குரல் கொடுப்பது

திறக்கும் அதிகாரம் லஸ்கருக்குக் கிடையாது. பொறியாளர் உத்தரவு வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பதும் உத்தரவைக் கேட்டு வாங்குவதும் ஒன்றில்லை. மட்டம், ஒரு மணி நேரத்தில் ஏறிய அளவு, மேல் ஏரியின் நிலை இந்த மூன்றையும் சொல்லி, “இத்தனை மணிக்கு இத்தனை கன அடி திறக்க அனுமதி வேண்டும்” என்று கேளுங்கள். என்ன செய்யலாம் என்று கேட்டால் கவனித்துச் செய்யுங்கள் என்றுதான் பதில் வரும். பேசிய நேரத்தையும் கிடைத்த பதிலையும் பதிவேட்டில் உடனே எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும், பென்சிலால் எழுதுங்கள்.

கீழ்க்கரை ஊர்களுக்கு ஒரே எச்சரிக்கை போதாது. வைகை அணையில் பாருங்கள். மொத்த உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனி, மதுரைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அந்த எண்கள் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் மக்கள் ஒரு வேலையை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏரிக்கும் அப்படி மூன்று எண்களை வைத்து, கோயில் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதிவையுங்கள். முன்பு தண்டோரா போடுவோம். 2022-இல் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், நல்லதுதான், பறையடிக்கிறவரை மட்டும் நடுமழையில் அனுப்பிய வழக்கம் அது. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி. வாட்ஸாப்பில் போட்டுவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு வந்த செய்தியைக் கிழவிகள் விடிந்துதான் பார்ப்பார்கள், அதுவும் பேரன் வந்து காட்டினால். மாடு வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்று தனியாக வைத்திருங்கள். அந்த வீடுகளுக்கு ஆள் நேரில் போக வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று அளந்திருக்கிறீர்களா? எங்கள் தரைப்பாலம் நான்கு கிலோமீட்டர் தள்ளி. காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. சைக்கிளில் கூடவே போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கூடுதலாகத் திறந்தபோது ஐம்பது நிமிடம்தான். ஒருமுறை அளந்தால் ஆயுளுக்கும் உதவும்.

தூக்குவது

திறப்பதற்கு முன் வாய்க்காலை எட்டிப் பாருங்கள். தூண்டில் போடுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், குடித்துவிட்டுப் படித்துறையில் படுத்திருப்பவர்கள். விசிலோ சங்கோ ஊதிவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். பல்சக்கரப் பெட்டியைத் தொடுமுன் டார்ச் அடியுங்கள்; மழை நாளில் பாம்புக்கு அதைவிட உலர்ந்த இடம் கிடையாது.

நடு ஷட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு அதற்கு இரு பக்கமும் உள்ள இரண்டு, பிறகு ஓரத்தில் உள்ள இரண்டு. ஓர ஷட்டரை மட்டும் திறந்தால் தண்ணீர் பக்கச்சுவரை அறுக்கும். ஒரே ஷட்டரை நாலடி தூக்குவதும் தவறு. அத்தனை வேகமும் ஒரே இடத்தில் விழுந்து கீழ்த்தளத்தின் கல்லைப் பெயர்க்கும். நாலடி தூக்க வேண்டுமானால் நான்கு ஷட்டரை ஓர் அடி தூக்குங்கள். அதே சமயம், இரண்டு விரல் தூக்கி அப்படியே விட்டுவைக்காதீர்கள். அந்தச் சந்தில் தண்ணீர் பீறிட்டு ஷட்டர் முழுதும் அதிரும். மேடையில் கால் வைத்தால் உள்ளங்காலில் தெரியும், தயிர் கடையும்போது தரை அதிர்வதுபோல. அதிர்வு தெரிந்தால் இன்னும் நாலு அங்குலம் தூக்குங்கள், நின்றுவிடும்.

முதலில் முக்கால் அடி. அரை மணி நேரம் காத்திருந்து கீழே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிறகு அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் முன்னால் விசில். மட்டத்தைச் சாதாரண மழையில் மணிக்கொரு முறை, கனமழையில் கால்மணிக்கு ஒரு முறை குறியுங்கள். கால்மணியில் ஓர் அங்குலம் ஏறுகிறது என்றால் எங்கள் ஏரியில் அதற்கு 4 மில்லியன் கன அடி என்று பொருள், விநாடிக்கு 4,400-க்கு மேல் உபரியாக வருகிறது. அந்த நிலையில் ஐந்து ஷட்டரையும் முழுக்கத் தூக்கினாலும் போகக்கூடியது 4,200. அங்குலம் என்று அலட்சியமாக நினைக்கிறவர்களுக்காக இந்தக் கணக்கு.

ஓர் ஆள் ஷட்டரில் இருக்கும்போது இன்னோர் ஆள் கரையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், வெளிச்சரிவின் அடியைப் பார்த்தபடி. கசிவு இருந்தால் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பயமில்லை, குறித்துக்கொள்ளுங்கள். கலங்கலாக, மண் கரைந்து வந்தால் எலி வளையோ நண்டு வளையோ கரைக்குள் வழி போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, சவுக்குக் கம்பு அடிக்க ஆள் கூப்பிடுங்கள். கசியும் வாயைத் துணியால் அடைக்காதீர்கள், பக்கத்தில் வேறு வாய் திறக்கும்.

இன்னொன்று. பயத்தில் ஏரியை மளமளவென்று இறக்கவும் கூடாது. கரையின் உள்சரிவு தண்ணீரில் ஊறி இருக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர் ஒரே நாளில் மூன்று நான்கு அடி விலகினால் ஈர மண் பாளமாகச் சரியும். மழைக்காக இறக்கி, அதனாலேயே கரையைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இறக்குவது

தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடு ஷட்டர் கடைசி. முன்பு திறந்ததற்கு நேர் எதிர் வரிசை. படக்கென்று அடைத்தால் வாய்க்கால் சில நிமிடங்களில் வற்றி, அங்கங்கே குட்டையில் மீன் துள்ளும், பார்த்துக்கொண்டிருக்கிற பையன்கள் வலையோடு இறங்கிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் மறுபடி திறக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? மீன் பிடிக்க யாரும் இறங்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்வது திறக்கும்போது சொல்வதைவிட முக்கியம். திறக்கும்போது எல்லோருக்கும் பயம் இருக்கும், அடைக்கும்போது இருக்காது.

மழை விட்டது என்று அன்றைக்கே முழுக்க அடைக்க வேண்டாம். மேல் ஏரி இன்னும் கழிந்துகொண்டிருக்கும். வரத்தும் போக்கும் சமமாகும்வரை ஓர் அடியிலேயே விட்டுவையுங்கள். அடுத்த மழைக்கு இரண்டடி இடம் மிச்சம் வைப்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மார்கழி பிறந்து, வங்கக்கடலில் ஒன்றுமில்லை என்று வானிலை மையம் சொன்ன பிறகு கடைசி ஷட்டரையும் அடைத்து, ஏரியைக் கழுத்துவரை நிறைய விடுங்கள். அந்தத் தண்ணீருக்காகத்தான் அன்றைக்குத் திட்டியவர்களெல்லாம் கரைமேல் வந்து நின்றார்கள், அவர்களுக்கு அது சேர வேண்டும்.

ஷட்டர் முழுக்க அடைந்திருக்கும்போது மேடை மட்டத்தில் தண்டில் ஒரு கோடு வரைந்துவைத்திருக்க வேண்டும். கடைசியில் அடிவரை இறங்கியதா என்று அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு மேடைக்கு மேல் நின்றால் காடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. மறுபடி அரை அடி தூக்கி, ஓடும் தண்ணீரே அதை அடித்துப் போகட்டும் என்று ஒரு நிமிடம் விட்டு, திரும்ப இறக்குங்கள். பிறகு ஹேண்டிலைக் கழற்றித் துடைத்து, அதை எங்கே வைத்தீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டின் கடைசி வரியில் பென்சிலால் எழுதுங்கள்.